வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா?

மகனே ஜெரால்டு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. அப்படி எழுதினால் முதல் வரியிலேயே பொய் சொன்னவனாகிவிடுவேன். செவ்வாய்க்கிழமை நீ துபாயிலிருந்து பேசிய பிறகு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நீ வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறாய். சனிக்கிழமை நாசரேத்திலிருந்து நீ கட்டப்போகிற பிளெஸ்ஸியின் வீட்டார் நம் வீடு பார்க்க வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் திருமண அறிவிப்பின் முதல் ஓலை வாசிக்கிறார்கள். இதற்கிடையில் நீ என்னிடம் மூன்று காரியம் கேட்டாய். அத்தை கையைப் பார்த்து அவர்கள் ஏதாவது கேட்டால் உப்பளத்தில் வேலை பார்த்த கை என்று சொல்ல வேண்டும். நான் முழுக்கைச் சட்டை போட்டிருக்க வேண்டும். முடிந்தால் அன்று ஒரு நாள் மட்டும் அத்தையை வேம்பாரில் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் விட்டுவிட வேண்டும். "பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம்தானப்பா" என்று தூரத்தையும் நீயே சொன்னாய். நான் "பாப்போம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனில் பதில் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீ சிக்னல் சரியில்லை என்றிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பாதியில் நிறுத்தாமல் கடைசிப் பக்கம் வரை படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் நியாயமாகப் பார்த்தால் அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை. பொய், முழுக்கைச் சட்டை, அத்தையை ஒதுக்கி வைப்பது, நீ கேட்ட மூன்றையும் உனக்கு முன்னால் செய்தவன் நான்தான். பொய்யைக்கூட என் வாயிலிருந்தே எடுத்திருக்கிறாய்.

நானும் அத்தையும் வேம்பார் உப்பளத்தில் வேலை பார்த்து வளர்ந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். அவள் என்னைவிட நான்கு வயது மூத்தவள். உப்பளத்துக்காரன் கையும் காலும் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும், விரல் இடுக்கில் புண் ஆறாது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்பதில்லை. உன் தாத்தாவுக்கு முழங்கையிலும் முட்டியிலும் சிவப்பாகத் தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். உப்பு என்றார்கள். பிறகு அத்தைக்கு வந்தது, அதுவும் உப்பு. எனக்குப் பத்தொன்பது வயதில் வந்தது, அதை யாருக்கும் காட்டாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரே வீட்டில் ஒரே மாதிரி வருகிறதே, பக்கத்துப் பாத்தியில் வேலை பார்க்கிறவனுக்கு இப்படி இல்லையே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உப்பளம் இல்லாத ஊரில் பிறந்திருந்தால் என்றைக்கோ சந்தேகப்பட்டிருப்போம். எங்களுக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு காரணம் குவிந்து கிடந்தது, அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தைக்கு இருபத்தேழு வயதில் ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நல்லவர், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தாத்தா அதற்கு முந்தின வருஷம் இறந்துவிட்டதால் வீட்டில் ஆண்பிள்ளை என்று பேச உட்கார்ந்தது நான். அத்தை காபி கொடுக்கும்போது சேலைத் தலைப்பு விலகி முழங்கை தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பார்த்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"தப்பா நினைக்காதிய தம்பி. பிள்ளைக்குக் கையில என்னமோ படை மாதிரி இருக்கு. வீட்ல வேற யாருக்காவது இப்பிடி உண்டுமா?"

நான் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பொத்தானும் போட்டிருந்தேன். அந்தத் துணிக்குள் இரண்டு முழங்கையிலும் அதே படை இருந்தது. "யாருக்கும் கிடையாது மாமா. அவ உப்பளத்துக்குப் போறவ, அதான். உப்பு பட்டது" என்றேன். அத்தைக்காகச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. அடுத்த பேச்சு எனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும், நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அந்த மனிதர், "வீட்ல வேற யாருக்கும் இல்லன்னா இந்தப் பிள்ளைக்கு மட்டும் எங்கயிருந்து வந்துச்சு?" என்று தன் அக்காளிடம் மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டாலும் அடுக்களை வரை கேட்டது. ஒரு வாரத்தில் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் அது உப்பும் இல்லை, அத்தைக்கு எங்கேயோ ஒட்டிக்கொண்ட நோய் என்றாகிவிட்டது. நான் மட்டும் சட்டையைக் கழற்றிக் காட்டியிருந்தால் அது ஒரு குடும்பத்தின் உடம்புவாகு என்றாவது ஆகியிருக்கும். அந்தச் சம்பந்தம் அப்போதும் போயிருக்கலாம். ஆனால் தீட்டு மாதிரி அது அவள் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்காது.

எனக்குத் திருமணம் கூடியபோது நம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் நடக்க இருக்கும் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று குருவானவர் வாசிப்பாரே, அந்த ஒரு நிமிஷமும் நான் மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். யாராவது எழுந்து நின்று "அவன் சட்டையைக் கழற்றச் சொல்லுங்க" என்பார்களோ என்று மூன்று வாரமும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள். திருமணம் முடிந்து நான்காம் நாள் உன் அம்மா பார்த்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "மூணு ஓலை வாசிச்சாவள்லா, ஒரு வாரமாவது உங்க வாயி திறக்கலியே" என்று மட்டும் கேட்டாள். அதை இன்றுவரை இரண்டாம் முறை கேட்டதில்லை. நோயை அவள் மன்னிக்க வேண்டியதே இருக்கவில்லை, மறைத்ததை மன்னித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பிறகு துறைமுகத்தில் வேலை கிடைத்து நாம் தூத்துக்குடிக்கு வந்துவிட்டோம். அத்தையும் நம்மோடு வந்தாள். கிரேன் ஓட்டுகிற வேலையை நான் விரும்பி வாங்கினேன் என்று பெருமையாகச் சொல்வேன் இல்லையா, காரணம் உயரம் பிடிக்கும் என்பதல்ல. அந்தக் கூண்டுக்குள் ஏறிவிட்டால் எட்டு மணி நேரம் என் தோலை யாரும் பார்க்க முடியாது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கூட வேலை பார்த்தவர்கள் என்னைக் 'கலெக்டர்' என்று கூப்பிட்டார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். வீட்டில்கூட அந்தச் சட்டையைக் கழற்றவில்லை.

இப்போது அத்தையின் தட்டுக்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை, நினைவில்லை என்று சொல்லிவிடுவாய் என்ற நம்பிக்கையில். அத்தைக்கு விளிம்பில் ஆணியால் கீறி அடையாளம் போட்ட ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு டம்ளரும் தனியாக இருந்தன. அடையாளம் போட்டவன் நான். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் நீ அவள் மடியில் உட்கார்ந்து அந்தத் தட்டிலிருந்து மீன் குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தாய். அத்தை முள் எடுத்து எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போய்விட்டு வந்த நான் உன்னைக் கையைப் பிடித்துத் தூக்கி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அடித்த கையின் முழங்கையில் அவளுக்கு இருந்த அதே படை. அன்று காலை நீ என் தட்டிலிருந்துதான் இட்லி தின்றிருந்தாய். இது தொட்டால் ஒட்டுகிற நோய் இல்லை என்று எனக்குத் தெரிந்தே இருந்தது, ஏனென்றால் உன் அம்மாவுக்கு ஒட்டவில்லை. தெரிந்தும் அடித்தேன். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தையின் விரல்கள் கோணிக்கொண்டு வந்தன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது. அதற்கு முன்பே மூட்டு வலிக்காக நான்கைந்து டாக்டர்களிடம் போய்விட்டோம், வாதம் என்று எண்ணெயும் மாத்திரையும் கொடுத்தார்கள். எல்லா இடத்திலும் அதே கேள்வி: வீட்டில் வேறு யாருக்காவது தோல் வியாதி இருக்கிறதா? எல்லா இடத்திலும் அத்தையே "யாருக்கும் இல்ல" என்று சொன்னாள், நான் பக்கத்தில் நின்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். கடைசியாகத் திருநெல்வேலியில் ஒரு இளம் பெண் டாக்டரிடம் போனோம். அவர் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டுக் குடும்பத்தையே வரையத் தொடங்கினார். அப்பா, அம்மா, தம்பி என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அத்தை ரத்தப் பரிசோதனைக்குப் போன நேரம் பார்த்து, நான் கதவைச் சாத்திவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக் காட்டினேன்.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. என் சதுரத்துக்குள் பேனாவால் நிறம் போட்டார், தாத்தாவின் சதுரத்துக்குள்ளும் போட்டார். பிறகு, "சார், இத முன்னாலயே சொல்லியிருந்தா மூட்டுக்கும் இதுதான் காரணமா இருக்கும்னு யாராவது சீக்கிரம் யோசிச்சிருப்பாங்க" என்றார். சொரியாசிஸ் என்றார், தமிழில் காளாஞ்சகப்படை. நம் உடம்பைக் காக்க வேண்டிய காவலே தப்பாகப் புரிந்துகொண்டு நம் தோலையே சீண்டுகிறது, சிலருக்கு மூட்டையும் சீண்டும் என்றார். மரபணுவில் வருகிறது, ஆனால் ஒரே ஒரு மரபணுவில் இல்லை. பல இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள், அவற்றில் ஆறாம் எண் குரோமோசோமில் இருக்கும் ஒன்று பெரிய பங்காளி. அதைச் சுமந்துகொண்டு சாகும்வரை ஒன்றும் வராமல் போகிறவர்களே அதிகமாம். அது இல்லாமலேயே நோய் வருகிறவர்களும் உண்டாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடும், ஆனால் வராத பிள்ளைகள்தான் கூடுதல். நான் இதை எனக்குத் தெரிந்த பாஷையில் புரிந்துகொண்டேன். பாத்தியில் கடல் தண்ணீர் நின்றால் மட்டும் உப்பு விளைந்துவிடாது, வெயிலும் காற்றும் சேர்ந்து வர வேண்டும். மரபணு தண்ணீர் மாதிரி. தொண்டைப் புண், மனக் கவலை, சிகரெட், குடி, சில மாத்திரைகள், இவையெல்லாம் வெயிலும் காற்றும்.

"அப்ப உப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா?" என்று கேட்டேன். எனக்கு அந்த உப்பை விட மனசு வரவில்லை. அவர் சிரித்தார். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தோலில் கீறலோ வெடிப்போ விழுந்தால் அந்த இடத்திலேயே படை கிளம்பும், அதனால் உப்பளத்து வெடிப்பு உங்களுக்கு இடம் காட்டியிருக்கலாம், ஆனால் நோயைக் கொடுத்தது உப்பு இல்லை என்றார். எங்கள் வீட்டுப் பொய்யில் அரைக்கால் உண்மை இருந்திருக்கிறது. அதனால்தான் அது இத்தனை நாள் தாங்கியது. வெளியே வரும்போது நான் டாக்டரிடம் என்ன கேட்டேன் தெரியுமா? அக்காவிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டேன். அந்த வயதிலும், அந்த விரல்களைப் பார்த்த பிறகும்.

போன கிறிஸ்துமசுக்கு நீ வந்திருந்தபோது மொட்டை மாடியில் தலையைக் குனிந்து முடியை விலக்கிக் காட்டினாய். காதுக்குப் பின்னால், உச்சியில், திட்டுத் திட்டாக. அன்றுதான் நான் என் முழங்கையை உனக்குக் காட்டினேன். "உங்ககிட்டயிருந்துதான் வந்துச்சா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பிறகு, "எனக்குப் பிறக்கப்போறதுக்கும் வருமாப்பா?" என்று கேட்டாய். அம்மா கூப்பிடுகிறாள் என்று நான் இறங்கிப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். வரலாம், வராமலும் போகலாம், வராமல் போக வாய்ப்பு அதிகம். வந்தால் இன்றைக்கு மருந்து இருக்கிறது, எனக்கும் அத்தைக்கும் அன்றைக்குக் கிடைக்காத மருந்து. ஆனால் பிள்ளைக்கு வந்தால், என்ன நோய் என்று தெரிந்த தாயும், நான் இருக்கிறேன் என்று தன் தலையைக் காட்டுகிற தகப்பனும் வேண்டும். என் கையில் இருந்ததை நான் உன் ரத்தத்தில் கொடுத்தது என் குற்றம் இல்லை, அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதும் இல்லை. ஒளிக்கக் கற்றுக்கொடுத்தது என் குற்றம். அதற்குக் கேட்கிறேன்.

அதனால் பிளெஸ்ஸியிடம் நீயே சொல். வெள்ளிக்கிழமை வந்ததும் போன் செய், சனிக்கிழமை அவர்கள் வருவதற்கு முன்னால் சொல். அவள் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். இல்லை என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். அப்படியானால் அது ஓலை வாசிப்பதற்கு முன்னால் நடக்கட்டும், நான்காம் நாள் உன் முகத்தைப் பார்க்காமல் அவள் ஒரு கேள்வி கேட்கும்படி ஆக வேண்டாம். காலையில் குதிகால் வலிக்கிறது, கொஞ்சம் நடந்தால் சரியாகிறது என்று போன மாதம் சொன்னாயே, அதை ஷூவின் மேல் பழி போடாதே. டாக்டரிடம் போய் அப்பாவுக்கும் அத்தைக்கும் தாத்தாவுக்கும் இருக்கிறது என்று சொல். மாத்திரை ஏதும் கொடுத்தால், குழந்தைக்கு நினைப்பதற்கு முன்னால் அதையும் பேசிக்கொள். சிகரெட்டை நிறுத்து. குடிப்பதில்லை என்று உன் அம்மா நம்புகிறாள், நான் நம்பவில்லை.

இனி நேற்று நடந்தது. உன் போனுக்குப் பிறகு ராத்திரி முழுக்க எனக்குள்ளேயே மல்லுக்கட்டிவிட்டு, புதன்கிழமை காலை அத்தை பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது போனேன். வாஷிங் மெஷின் வாங்கிய பிறகும் சட்டைக் காலரையும் கையையும் அவள்தான் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள், அந்தக் கோணல் விரலோடு. "அக்கா, உங்கிட்ட ஒண்ணு காட்டணும்" என்று சொல்லிச் சட்டையைக் கழற்றினேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் முன்னால் முதல் தடவை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்டவனைப்போல நின்றேன்.

அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடியில் கிளிப் மாட்டப் போய்விட்டாள்.

"எனக்குத் தெரியும்லே" என்றாள். "உன் சட்டையெல்லாம் துவைச்சது யாரு? கை மடிப்புல செதிலும் ரத்தப் பொட்டுமா இருக்கும். என் சேலையில இருக்கதுதான் உன் சட்டையிலயும் இருக்கு. ஓட்டப்பிடாரத்துக்காரவ வாரதுக்கு முன்னாலயே தெரியும்."

"பெறவு ஏன்க்கா டாக்டர்மார்ட்ட யாருக்கும் இல்லன்னு சொன்ன?"

"நீ நாலு பேரு முன்னால இல்லன்னு சொல்லிட்ட. நான் போயி இருக்குன்னு சொன்னா உன் சொல்லு என்னத்துக்காவும்?"

அழுதேன், அதை எழுதுவதில் வெட்கம் இல்லை. ஏன் என்னிடமாவது கேட்கவில்லை, ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே என்றேன். அவள் என் சட்டையை எடுத்து என் தோளில் போட்டாள்.

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்லே."

ஜெரால்டு, தன் தட்டில் ஆணியால் கீறியவனுக்கும் அதே நோய் என்று தெரிந்துகொண்டே உன் அத்தை அந்தத் தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். நேற்று மத்தியானம் அந்தத் தட்டை நான் எடுத்துக்கொண்டேன், அவளுக்கு என் தட்டில் பரிமாறினேன். அவள் மீன் இன்னொரு துண்டு கேட்டாள். சாயங்காலம் டெய்லரிடம் போய், நீ அனுப்பிய சட்டைத் துணியைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல முழுக்கை என்று எழுதப் போனார். அரைக்கை என்றேன். "அண்ணாச்சி, உங்களுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். சனிக்கிழமை அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். அத்தை எங்கும் போகமாட்டாள், முன் அறையில் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள். வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்டால் எனக்கு இருக்கிறது என்று சொல்வேன். உன்னைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது.

அத்தையிடமும் நீதான் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து நீ போன பிறகு உன் தலையணை உறையைத் துவைத்தது அவள்தான்.

அப்பா